தங்கச் சாலையில் ஒரு கடைக்கார அம்மையார்
கரோலின் சிஷோம் வரலாறு (1808–1877)

நம் பங்கின் ஜூபிலி மலருக்குப் புனிதர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். அந்தோனியார், சவேரியார், சூசையப்பர் ஆகியோரைப் பற்றி நம் மக்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியது ஏதுமில்லை. எனவே, புனிதர் பட்டியலில் பெயர் ஏறாத, குடும்பமும் பிள்ளைகளும் கொண்ட, ஒரு காலத்தில் மளிகைக் கடை வருமானத்தில் வாழ்ந்த ஓர் அம்மையாரைப் பற்றி எழுத முன்வந்தோம். இவர் நம் சோழமண்டலக் கரையில் ஐந்தாண்டு வாழ்ந்தவர். ஊரைவிட்டுக் கப்பலேறிய ஏழைகளுக்காகவே தம் ஆயுளைச் செலவிட்டவர். காரைக்காலில், வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இவர் கதை நமக்கு அந்நியமன்று.

கரோலின் ஜோன்ஸ் 1808-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் இங்கிலாந்தில் நார்தாம்டன் நகரில் பிறந்தார். தந்தை பன்றி வாங்கி விற்கும் குடியானவர். குடும்பம் பெரியது, குடும்பத்தார் கத்தோலிக்கர் அல்லர். அத்தந்தை ஒருநாள் போரில் ஊனமுற்ற ஏழைச் சிப்பாய் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்து, நமக்காகப் போரிட்டவர் இவர், இவரைப் பேணுங்கள் என்று பிள்ளைகளிடம் ஒப்படைத்தாராம். கரோலின் சிறு பிள்ளையாய் இருக்கையிலேயே அவர் இறந்துபோனார். ஆயினும் அந்தக் காட்சி மகளின் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

சிறுமியின் விளையாட்டும் விசித்திரமாகவே இருந்தது. பெரிய அவரைக்காய்களைப் பிளந்து படகுகள் செய்வாள். கிண்ணத்துத் தண்ணீரே கடல். சிறு பொம்மைகளைக் குடும்பம் குடும்பமாக அப்படகில் ஏற்றிக் கடல் கடத்திப் படுக்கை விரிப்பின்மேல் குடியேற்றுவாள். பின்பு அப்படகிலேயே கோதுமை மணிகளை நிரப்பி ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்பி வைப்பாள். ஒரு படகில் வெஸ்லியன் சபைப் போதகர் ஒருவரையும் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். அக்காலத்து இங்கிலாந்தில் அவ்விருவரும் ஒரே தெருவில் நடப்பதே அரிது.

1830-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவருக்கு விவாகம் நடந்தது. மணமகன் ஆர்ச்சிபால்ட் சிஷோம், ஸ்காட்லாந்து நாட்டுக் கத்தோலிக்கர். கும்பினியாரின் சென்னைப் படையில் அதிகாரி. மணமகளைவிட ஏறத்தாழ பத்து வயது மூத்தவர். விவாகத்தை ஒட்டிய நாள்களிலேயே கரோலினும் கத்தோலிக்க வேதத்தில் சேர்ந்தார். ஆனால் விவாகத்துக்கு முன்பே மணமகனிடம் ஒரு நிபந்தனை விதித்தார். தாம் மேற்கொள்ள விரும்பும் தருமப் பணிகளுக்குக் கணவர் தடை சொல்லலாகாது என்பதே அது. ஆர்ச்சிபால்ட் அதற்கு இசைந்தார். விவாகத்துக்கு முன் ஓலை எழுதும் நம் வீடுகளில் சீர்வரிசையைப் பற்றிப் பேசுகிறோம். இப்படியொரு நிபந்தனை பேசப்பட்டதை நாம் முப்பது ஆண்டு குருத்துவத்தில் இன்னும் கேட்டதில்லை. சொன்ன சொல்லை அம்மனிதர் கடைசிவரை காப்பாற்றினார் என்பதை வாசகர் போகப்போகக் காண்பர்.

1832-இல் கணவர் சென்னைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு கரோலின் வந்து சேர்ந்தார். படைவீரர் குடியிருப்பில் அவர் கண்ட காட்சி அவரை வருத்திற்று. வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெண்மக்கள் குடியும் சூதும் மலிந்த அக்குடியிருப்பில் கேட்பாரற்று வளர்ந்தார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே யாருக்காவது கட்டிக் கொடுக்கப்பட்டார்கள். அல்லது கட்டிக்கொடுக்கப்படாமலே சீரழிந்தார்கள். 1834-இல் கரோலின் அவர்களுக்கென்று தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். எழுத்து, வாசிப்பு, வேத போதகம் ஆகியவற்றோடு சமையல், தையல், நோயாளிகளைப் பேணுதல், வீட்டுக் கணக்கு எழுதுதல் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. பள்ளியின் கடைகண்ணிச் செலவையே மாணவியர் மாறி மாறி நிர்வகித்தனர். அரிசி என்ன விலை, விறகு எத்தனை நாளைக்கு வரும் என்று பன்னிரண்டு வயதுப் பெண் கணக்குச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தைவிட இக்கணக்கே அவர்களுக்கு வாழ்க்கையில் உதவிற்று.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது ஐரோப்பியப் போர்வீரரின் புதல்வியருக்கான பள்ளி, பெயரே அப்படி. நம் தமிழ்ப் பெண்களுக்கு அதில் இடமில்லை. நம் பெண்களின் முறை பின்னர் வந்தது. புதுச்சேரிக்கு 1827-லேயே குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர் வந்திருந்தனர். 1844-இல் துய்புய் சுவாமியார் மரியாளின் மாசற்ற இருதய சபையை அங்கே நிறுவித் தமிழ்ப் பெண்களின் கல்விக்கு வழி திறந்தார். கரோலினின் பள்ளியை இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் அதன் அளவு விளங்கும். ஆயினும் இருபத்தாறு வயதில், அந்நிய வெயிலில் அவர் பழகிய பாடமே பிற்காலப் பணி அனைத்துக்கும் அடிப்படையாயிற்று. முறைப்படி அதைக் கற்றுத் தந்தது சென்னப்பட்டணமே.

கணவரின் உடல்நலம் குன்றவே, 1838-இல் இரண்டாண்டு விடுப்பில் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிற்று. சிட்னியை அடுத்த வின்சர் என்னும் ஊரில் தங்கினர். விடுப்பு முடிந்ததும் 1840-இல் ஆர்ச்சிபால்ட் படைக்குத் திரும்ப, கரோலின் பிள்ளைகளோடு அங்கேயே இருந்தார்.

அக்காலத்தில் இங்கிலாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்து ஏழைப் பெண்கள் கப்பல் கப்பலாகச் சிட்னியில் வந்து இறங்கினர். கப்பலேற்றிய முகவர் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டார். அதோடு அவர் கடமை தீர்ந்தது. வேலையும் இல்லை, தங்க இடமும் இல்லை. இரவில் பூங்காக்களிலும் பாறை மறைவிலும் படுத்துறங்கிய பெண்களை யார் முதலில் அணுகியிருப்பார்கள் என்று நாம் விளக்கத் தேவையில்லை. கரோலின் துறைமுகத்துக்கே சென்று கப்பல்களை எதிர்கொண்டார்; இயன்றவரைத் தம் வீட்டில் தங்கவைத்தார். 1841-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா அன்று பீடத்தின் முன் முழந்தாளிட்டுத் தம் ஆற்றல் முழுவதையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். நாடு என்றும் மதம் என்றும் பேதம் பாராமல் ஏழைகள் எல்லாருக்கும் உழைப்பதாக அன்று செய்த பிரதிக்கினையை அவர் என்றும் மறக்கவில்லை.

ஆளுநர் கிப்ஸ் அவரைக் காணச் சம்மதித்தபோது, மூக்குக்கண்ணாடியும் வெள்ளைக் குல்லாயும் அணிந்த கிழவி ஒருத்தி வந்து உபதேசம் செய்வாள் என்று எதிர்பார்த்தாராம். வந்தவரோ முப்பத்துமூன்று வயதுப் பெண்மணி, கம்பீரமான தோற்றத்தினர். பல தடவை மறுத்தபின், அரசாங்கத்துக்குச் செலவு எதுவும் வராது என்ற உறுதியின்பேரில், பழைய குடியேற்றக் கொட்டகை ஒன்றை ஆளுநர் கொடுத்தார். பெண்களை அழைத்து வருமுன் கரோலின் தாம் மட்டும் அங்கே தங்கிப் பார்த்தார். விளக்கை அணைத்ததும் எலிகள் கூட்டமாய் வந்தன. கூரையிலிருந்து தோளிலேயே விழுந்தன. அவர் மறுபடி விளக்கேற்றி, ரொட்டியைத் துண்டு போட்டு நடுவில் வைத்து, ஒரு தட்டில் தண்ணீரும் வைத்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிவரை கட்டிலில் உட்கார்ந்து புத்தகம் வாசித்தார். ஒரு சமயத்தில் பதின்மூன்று எலிகளை எண்ணினாராம். மறுநாள் இரவு ரொட்டியில் விஷத்தைக் கலந்து வைத்தார். அத்துடன் எலித் தொல்லை ஓய்ந்தது. இப்படித் தொடங்கியதுதான் சிட்னியில் குடியேறிய பெண்களுக்கான முதல் இல்லம்.

இல்லம் நிரம்பிற்று. நகரத்தில் வேலையில்லை, உள்நாட்டுப் பண்ணைகளிலோ ஆள் இல்லை. தனியே போகப் பெண்கள் அஞ்சினர். எனவே மாட்டு வண்டிகளில் அவர்களை ஏற்றிக்கொண்டு, தாம் வெள்ளைக் குதிரைமீதமர்ந்து முன்னே சென்றார் கரோலின். அக்குதிரைக்குப் பெயர் கேப்டன். வழியிலுள்ள பண்ணைகளில் நல்ல குடும்பமாகப் பார்த்து ஒவ்வொருவராக வேலைக்கு அமர்த்தினார். கூலி என்ன, உணவு என்ன, எத்தனை மாதம் என்பதெல்லாம் எழுத்தில் வந்தாக வேண்டும். முதலாளிக்கு ஒரு படி, வேலையாளுக்கு ஒரு படி, தமக்கு ஒரு படி. வழக்கு என்று வந்தால் அவர் கையிலிருந்த மூன்றாம் படி பேசிற்று. பெண்களோடு ஆண்களுக்கும் குடும்பங்களுக்கும் இவ்வாறு வழி செய்தார். 1846 வரை அவர் கைவழியாக நிலைபெற்றவர்கள் ஏறக்குறைய 11,000 பேர். இந்தப் பணிக்காகத் தம் சொந்தப் பிள்ளைகளை வின்சரில் பிறர் பராமரிப்பில் விட்டிருந்தார். அப்பிரிவு அவரை எவ்வளவு வாட்டியது என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இந்நேரத்தில் நம் துறைமுகத்தை நினையாமல் எழுத முடியவில்லை. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. காரைக்காலும் புதுச்சேரியும் ஆள் ஏற்றும் துறைகளாயின. 1853-ஆம் ஆண்டு மே மாதம் ஓரெலி என்னும் கப்பல் முதல் தமிழ்க் கூலிகளை மார்த்தினிக் தீவில் இறக்கிற்று. ரெயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் கப்பல்கள் போயின. 1855-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பிரெஞ்சு கயானாவுக்கும் போயின. கரும்புக்கென்று போனவர்களில் பலர் அங்கே காட்டுக்குள் தங்கக் குழிகளில் இறக்கப்பட்டனர். காய்ச்சலில் மடிந்தோர் தொகை மிகுந்ததால் 1870-களில் ஆங்கில அரசே அந்நாட்டுக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்துவிட்டது. அவர்களும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்களே. ஆனால் அவர்களுக்காக மூன்றாம் படியை வைத்துக்கொண்டு யாரும் துறைமுகத்தில் நிற்கவில்லை.

கரோலினுக்கு எதிர்ப்பு இரு பக்கமும் இருந்தது. பிரெஸ்பிட்டேரியன் போதகர் லாங் என்பவர், இந்தப் பெண் அயர்லாந்துக் கத்தோலிக்கரைக் கொண்டுவந்து நாட்டையே பாப்பரசருக்கு அடிமையாக்கப் பார்க்கிறாள் என்று பத்திரிகைகளில் தாக்கினார். நம்மவரிலோ, எல்லா மதத்தாருக்கும் ஒன்றுபோல் உதவுகிறாளே, நம் பிள்ளைகளை மட்டும் கவனித்தால் என்ன என்று முகம் சுளித்தோர் இருந்தனர். குருக்களிலும் இருந்தனர். இதை எழுதுகையில் நமக்கே சிறிது கூச்சமாயிருக்கிறது. சில ஆண்டுகளுக்குமுன் புயல் நிவாரண அரிசியைப் பங்கிட்டபோது, கோயில் அரிசி கோயிலாருக்கே என்று நம்மிடம் வாதாடிய பெரியவர்கள் உண்டு. அன்று நாம் உடனே மறுத்துப் பேசவில்லை, ஒருநாள் தாமதித்தோம்.

1845-இல் ஆர்ச்சிபால்ட் ஓய்வு பெற்று வந்து மனைவியின் பணியில் சேர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டு இருவரும் இங்கிலாந்து திரும்பினர். பிரபுக்கள் சபைக் குழுவின் முன் கரோலின் சாட்சியம் அளித்தார். தண்டனைக் கைதிகளாய் அனுப்பப்பட்டு விடுதலை பெற்றவர்களின் மனைவி மக்களை இலவசமாய் அனுப்பி வைக்க அரசாங்கத்தை இணங்கச் செய்தார். 1849-இல் குடும்பக் குடியேற்றக் கடன் சங்கத்தை நிறுவினார். கப்பற் கட்டணத்தில் பெரும்பகுதியைக் குடும்பத்தார் சிறுகச் சிறுகச் சேமிக்க வேண்டும். குறைவதைச் சங்கம் கடனாகக் கொடுக்கும். அக்கரை சேர்ந்து உழைத்து வட்டியின்றி அடைக்க வேண்டும். கடனை வசூலிக்க ஆர்ச்சிபால்ட் 1851-இல் தாமே சம்பளமின்றி ஆஸ்திரேலியா சென்றார். கப்பல்களில் காற்றோட்டம், குடிநீர், பெண்களுக்குத் தனியிடம் ஆகியவற்றுக்காகக் கரோலின் போராடினார். பேர்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் பத்திரிகையில் இச்சங்கத்தை ஆதரித்து எழுதினார். பிறகு தம் நாவல் ஒன்றில், ஊர்ப் பிள்ளைகளுக்காக உழைத்துச் சொந்தப் பிள்ளைகளை அழுக்கோடு விட்டுவிடும் ஓர் அம்மாளைப் படைத்துக் கேலியும் செய்தார். அவளுக்கு மாதிரி கரோலினே என்று பலர் சொல்வர். கேலியில் கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கலாம். ரோமாபுரியில் பாப்பரசர் 9-ஆம் பத்திநாதர் அவரை வரவேற்றுப் பதக்கம் அளித்தார்.

இதற்கிடையே 1851-இல் ஆஸ்திரேலியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. கப்பலோட்டிகள் கப்பலை விட்டும், ஆயர்கள் மந்தையை விட்டும், காவலர் காவலை விட்டும் தங்கம் தோண்ட ஓடினர். 1854-இல் கரோலின் மெல்பர்னில் இறங்கியபோது பழைய நாடே இல்லை. அவர் நேரே தங்க வயல்களுக்குப் போய்ப் பார்த்தார். கூடாரங்களில் ஆண்கள், அவர்கள் மனைவி மக்களோ மெல்பர்னில் வாடகைக் குடிசைகளில். இடையே கால்நடையாகப் பல நாள் வழி. குழந்தைகளோடு நடந்து வரும் பெண்ணுக்கு இரவில் ஒதுங்க இடமில்லை. வழியிலுள்ள சாராயக் கடைகளின் விடுதிகளில் கட்டணம் கொடுத்து மாளாது. தங்கம் எடுத்தவனோ உரிமச் சீட்டுக்கு மாதாமாதம் கட்டணம் செலுத்திவிட்டு, குடும்பத்தைப் பாராமல் குடித்துத் தீர்த்தான். அந்த உரிமக் கட்டணத்தை எதிர்த்துத்தான் அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் பாலராட்டில் யுரேக்கா கலகம் வெடித்தது.

கரோலின் கேட்டதோ மிக எளியது. ஒருநாள் நடைக்கு ஒரு கொட்டகை. அரசாங்கத்தை விடாமல் நெருக்கி, மெல்பர்னிலிருந்து காசில்மெய்ன், பெண்டிகோ தங்க வயல்களுக்குச் செல்லும் சாலையில் பத்துக் கொட்டகைகள் அமையச் செய்தார். கீலர், கிஸ்பர்ன், உட்எண்டு, மாம்ஸ்பரி, எல்பின்ஸ்டன் என்று அவை வரிசையாய் நின்றன. நம் தஞ்சைச் சீமையில் அன்னசத்திரங்கள் நின்ற சாலைகளை அறிந்த வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் நம் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். முதல் நாள் இரவு எங்கே காலை நீட்டுவது என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வு தேடித் தந்த இக்குடும்பத்துக்குச் சொந்தமாக ஒன்றுமில்லை. அரசாங்கமும் பொதுமக்களும் சேர்ந்து ஒரு நன்கொடை அளித்தபின், அதே தங்கச் சாலையில் கைன்டன் என்னும் ஊரில் அவர்கள் கடை வைத்தனர். மூத்த பிள்ளைகள் கடையைப் பார்த்துக்கொள்ள, ஆர்ச்சிபால்ட் உதவியாயிருந்தார். அவ்வூர் நீதிபதியாகவும் இருந்தார். 1857-இல் கரோலினும் அங்கே போய்ச் சேர்ந்தார். மாவும் தேயிலையும் சர்க்கரையும் மண்வெட்டியும் தோற்காலணியும் விற்கும் கடைகள் அச்சாலையெங்கும் இருந்தன. தங்கம் தோண்டியவரைவிட அவர்களுக்குச் சாமான் விற்றவரே செல்வரானார் என்பது அந்நாட்டு அனுபவம். சிஷோம் குடும்பம் செல்வராகவில்லை. கும்பினிப் படை அதிகாரியும் ரோமாபுரிப் பதக்கம் பெற்ற அம்மையாரும் மளிகைக்கடை வரவை நம்பி வாழ்ந்ததை அவர்கள் இழிவாகக் கருதவும் இல்லை.

சிறுநீரக நோய் அவரைப் பற்றிக்கொண்டது. நல்ல வைத்தியத்துக்காக 1858-இல் சிட்னிக்குக் குடிபெயர்ந்தனர். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. ஏழை உழவனுக்குச் சிறு துண்டு நிலமாவது கிடைக்க வேண்டும் என்று மேடையேறிப் பேசினார். அந்த நிலமெல்லாம் அதற்குமுன் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை இன்று நாம் அறிவோம். அவர் காலத்துக் குடியேறிகளின் கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரியவில்லை. 1862-இல் கையில் பணமில்லாத நிலையில் நியூடவுனில் பெண்கள் பள்ளி ஒன்று தொடங்கினார். சென்னையில் இருபத்தாறு வயதில் செய்ததையே ஐம்பத்து நான்காம் வயதில், நோயுற்ற உடலோடு, வயிற்றுப்பாட்டுக்காகச் செய்ய வேண்டி வந்தது.

1866-இல் இங்கிலாந்து திரும்பினர். அங்கே அவரை நினைப்பார் அதிகமில்லை. ஆண்டுக்கு 100 பவுன் அரசு உதவித்தொகை மறு ஆண்டு கிடைத்தது. கடைசி ஐந்தாண்டுகள் படுக்கையிலேயே கழிந்தன. 1877-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25-ஆம் நாள், லண்டனில் புல்ஹம் பகுதியில் அவர் உயிர் பிரிந்தது. தேவமாதாவின் மங்கள வார்த்தைத் திருநாளுக்குரிய தேதி அது. அவ்வாண்டு குருத்தோலை ஞாயிறும் அன்றே. பத்திரிகைகள் பெரிதாக எழுதவில்லை.

பிற்காலத்தார் அவரை மறக்கவில்லை. 1967-இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட ஐந்து டாலர் நோட்டில் அவர் உருவம் பொறிக்கப்பட்டு 1990-களின் தொடக்கம்வரை புழங்கிற்று. ஆங்கிலிக்கன் சபையார் கத்தோலிக்கரான அவரைத் தம் நாட்காட்டியில் மே 16-ஆம் நாள் நினைவுகூர்கின்றனர். அவரைப் புனிதராக்க வேண்டுமென்று ஆஸ்திரேலியக் கத்தோலிக்கர் பலர் வேண்டி வருகின்றனர். கைன்டன் கடையைவிடச் சாலையோரக் கொட்டகைகளைப் பற்றியே அந்நாட்டார் அதிகம் பேசுகிறார்கள்.

அவருடைய உடல் பிறந்த மண்ணாகிய நார்தாம்டனுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறைக் கல்லில் அவரைக் குடியேறிகளின் தோழி என்று குறித்திருக்கிறார்கள். விவாகத்துக்குமுன் கொடுத்த வாக்கை நாற்பத்தாறு ஆண்டுகள் காத்த ஆர்ச்சிபால்ட், அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே இறந்து, அதே குழியில் மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.